நான்கு துளை அட்டையில் நார்ஸ் பட்டை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், நார்வே நாட்டின் ஓஸ்பெர்க் கப்பல் கல்லறையில் கிடைத்த நெசவுக் கருவிகளைப் பற்றிய சிறு குறிப்பு ஒன்று வெளிவந்தது. சதுர அட்டைகளின் நான்கு மூலைகளிலும் துளையிட்டு, துளைக்கு ஒரு நூலாகக் கோத்து, அட்டைகளைத் திருப்பித் திருப்பியே பட்டை நெய்யும் பழைய ஸ்காண்டிநேவிய (நார்ஸ்) முறையை அதில் குறிப்பிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு நெய்யத் தொடங்கியவர்களும், தொடங்க விரும்புகிறவர்களும் எழுதிய கடிதங்களிலிருந்து தேர்ந்தெடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

என்னிடம் தறி இல்லை, நெசவும் தெரியாது. இதைக் கற்றுக்கொள்ள முடியுமா? என்னென்ன வாங்க வேண்டும்?
— வாசகி, திருச்சி

தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். வாங்க வேண்டியதும் அதிகம் இல்லை. பழைய சீட்டுக்கட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு சீட்டையும் அதன் அகலத்துக்கே சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். மூலைகளை லேசாக வளைத்து வெட்டிவிட்டு, ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஏறக்குறைய 1 செ.மீ. உள்ளே தள்ளி, காகிதத்தில் துளையிடும் பஞ்சிங் கருவியால் துளையிடுங்கள். துளைகளுக்கு வரிசையாக அ, ஆ, இ, ஈ என்று பெயர் எழுதி வையுங்கள். எல்லா அட்டைகளிலும் ஒரே பக்கத்தில், ஒரே வரிசையில் எழுதுவது முக்கியம். பின்னால் குழப்பம் வரும்போது அந்த எழுத்துகள்தான் வழி காட்டும். ஓஸ்பெர்க் கல்லறையில் நூல் கோத்த நிலையிலேயே கிடைத்த மர அட்டைகள் 52. ஒரு சீட்டுக்கட்டிலும் 52 அட்டைகள் இருப்பது தற்செயல்தான் என்றாலும், எனக்கு அது எப்போதும் மகிழ்ச்சி தருகிறது. முதல் பட்டைக்கு அவற்றில் 10 போதும்.

நூலைப் பொறுத்தவரை, குரோஷா பின்னலுக்கு விற்கும் வழுவழுப்பான, நன்கு முறுக்கிய பருத்தி நூலே தொடக்கத்துக்கு ஏற்றது. 1 மீட்டர் பட்டை வேண்டுமானால் ஒவ்வொரு பாவு நூலும், அதாவது நீளவாக்கில் ஓடும் நூலும், ஏறக்குறைய 1.75 மீட்டர் இருக்கட்டும். நூல்கள் முறுக்கிக்கொள்வதால் நீளம் குறையும் என்பது ஒரு காரணம். முடிவுப் பகுதியில் அட்டைகள் நின்று திரும்புவதற்கே அரை மீட்டர் அளவு இடம் தேவைப்படும் என்பது மற்றொரு காரணம். 10 அட்டைகளுக்கு 40 நூல்கள், அதாவது 70 மீட்டர் பாவு நூல். இரண்டு ஓரங்களிலும் உள்ள அட்டைகளுக்குக் கருநீலத்தில் 14 மீட்டரும், நடுவிலுள்ள எட்டு அட்டைகளுக்குச் சிவப்பில் 28 மீட்டரும் வெள்ளையில் 28 மீட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே செல்லும் ஊடைக்குத் தனியாக 10 மீட்டர் கருநீல நூல் வேண்டும். இந்த நெசவில் ஊடை பட்டையின் உள்ளே முழுவதும் மறைந்து, ஓரங்களில் மட்டுமே எட்டிப் பார்க்கும். அதனால் ஓர அட்டைகளின் நிறமும் ஊடையின் நிறமும் ஒன்றாக இருந்தால் பட்டை திருத்தமாகத் தெரியும்.

இனி நூல் கோக்கும் முறை. ஓர அட்டைகள் இரண்டிலும் நான்கு துளைகளுக்கும் கருநீலம். நடு அட்டைகளில் அ, ஆ துளைகளுக்குச் சிவப்பு, இ, ஈ துளைகளுக்கு வெள்ளை. முதல் அட்டையில் நான்கு நூல்களும் எழுத்துள்ள முகத்திலிருந்து பின்முகத்துக்குச் செல்லட்டும். அடுத்ததில் பின்முகத்திலிருந்து எழுத்துள்ள முகத்துக்கு வரட்டும். இப்படியே மாறி மாறிக் கோத்து, எழுத்துள்ள முகங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அட்டைகளை அடுக்குங்கள். அ, ஆ துளைகள் எல்லா அட்டைகளிலும் மேற்புறம் இருக்க வேண்டும். நூல்களின் ஒரு முனையைச் சேர்த்து முடிந்து ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். மறுமுனையைச் சீவிச் சமமாக இழுத்து, முடிச்சிட்டு, இடுப்பில் கட்டிய துணிப்பட்டியில் இணைத்துக்கொண்டு அமருங்கள். நீங்கள் பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும். முன்னால் வந்தால் தளரும். தறி என்று சொல்ல இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

இப்போது மேல் துளைகளின் நூல்கள் உயர்ந்தும் கீழ்த் துளைகளின் நூல்கள் தாழ்ந்தும் இருப்பதால் நடுவே ஓர் இடைவெளி தெரியும். அதில் ஊடையை நுழையுங்கள். அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு கட்டாகப் பிடித்து, உங்களிடமிருந்து விலகும் திசையில் கால் வட்டம் திருப்புங்கள். புதிய இடைவெளி திறக்கும். மர அளவுகோலின் விளிம்பால் முந்தைய ஊடையை உங்கள் பக்கமாக அடித்து நெருக்கிவிட்டு, அடுத்த ஊடையை நுழையுங்கள். நான்கு முறை முன்னோக்கி, பிறகு நான்கு முறை பின்னோக்கி. சிவப்பும் வெள்ளையும் குறுக்குக் கோடுகளாக மாறி மாறி வருவதைக் காண்பீர்கள். அலங்கார வடிவங்கள் எதையும் தேடாமல் இந்த ஒரு பட்டையை முழுவதும் நெய்து முடியுங்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். ஒவ்வோர் அட்டையும் தன் நான்கு நூல்களை ஒரு கயிறாக முறுக்குகிறது, அந்த முறுக்கின் திசையைத்தான் நாம் வடிவமாகப் பார்க்கிறோம் என்பதைக் கை உணர்ந்துவிட்டால், பின்னர் எந்த வரைபடத்தையும் படிக்க முடியும். அது புரியாமல் வரைபடத்தை மட்டும் பின்பற்றுகிறவர்களுக்கு, ஒரு திருப்பம் தவறினாலும் எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க வழி இருக்காது.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பட்டு நெசவு. எங்கள் தறியிலும் ஜக்கார்டு அட்டைகள் உண்டு. நீங்கள் சொல்லும் அட்டை அதன் முன்னோடியா? அச்சும் விழுதும் இல்லாமல் நெசவு எப்படி நடக்கிறது?
— வாசகர், காஞ்சிபுரம்

இரண்டுக்கும் உறவில்லை. ஜக்கார்டு அட்டை 1800-களின் தொடக்கத்தில் பிரான்சில் உருவான பொறியின் பகுதி. எந்தப் பாவு நூல் உயர வேண்டும் என்ற செய்தியைத் தாங்கி நிற்பதே அதன் வேலை, நூல் அதன் வழியாகச் செல்வதில்லை. நார்ஸ் நெசவின் அட்டையில் பாவு நூலே துளைக்குள் ஓடுகிறது. அட்டை திரும்பும்போது நூலும் இடம் மாறுகிறது. அதனால் பாவு நூல்களைத் தூக்கி இறக்கும் விழுதின் வேலையை அட்டையே செய்துவிடுகிறது. நூல்களை இடைவெளி விட்டு நிறுத்தும் அச்சு இல்லாததால் பாவு நூல்கள் ஒன்றோடொன்று நெருங்கி நின்று ஊடையை முழுவதும் மூடிவிடுகின்றன. பட்டையின் அகலத்தைக் காப்பது நெய்பவரின் கைதான்.

நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதால் உங்களுக்கு ஒரு செய்தியைக் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். வைக்கிங் எனப்பட்ட ஸ்காண்டிநேவியக் கடலோடிகளின் காலத்தில் அகலத் துணி நெய்யப் பயன்பட்டது சுவரில் சாய்த்து வைக்கும் செங்குத்துத் தறி. அதில் பாவு நூல்களின் கீழ்முனைகளில் கல்லோ சுட்ட மண் குண்டோ கட்டித் தொங்கவிட்டு இழுவிசை தந்தார்கள். அந்தத் தறிக்குப் பாவு ஓட்டும் வழிகளில் ஒன்று அட்டை நெசவையே சார்ந்திருந்தது. முதலில் ஒரு குறுகிய பட்டையை அட்டைகளால் நெய்வார்கள். ஒவ்வொரு முறை ஊடையை நுழைக்கும்போதும் அதை ஒரு பக்கத்தில் துணியின் நீளத்துக்கு வெளியே இழுத்து விடுவார்கள். பட்டை முடிந்ததும் அதைத் தறியின் மேல் உத்தரத்தில் தைத்தால், பட்டையின் ஊடை நூல்களே பெரிய துணியின் பாவாகக் கீழே தொங்கும். துணியின் மேல்விளிம்பு உறுதியாகவும், பாவு நூல்கள் சீரான இடைவெளியிலும் அமைந்துவிடும். ஒரே நூல் ஓரிடத்தில் ஊடையாகவும் மற்றோரிடத்தில் பாவாகவும் இருப்பதன் நேர்த்தியை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை உங்களுக்கு இருக்காது.

இரண்டு சாண் நெய்தபின் அட்டைகள் திரும்ப மறுக்கின்றன. அட்டைகளுக்கு அப்பால் நூல்கள் கயிறுபோல் முறுக்கிக் கிடக்கின்றன. எங்கே தவறு செய்தேன்?
— வாசகர், மதுரை

தவறு எதுவும் இல்லை. பட்டைக்குள் எத்தனை முறுக்கு ஏறுகிறதோ, அட்டைகளுக்கு மறுபக்கத்தில் எதிர்த்திசையில் அதே அளவு முறுக்கு சேர்ந்தே தீரும். ஒரே திசையில் திருப்பிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இடம் தீர்ந்துவிடும். இதுவரை எத்தனை முறை முன்னோக்கித் திருப்பினீர்களோ அத்தனை முறை பின்னோக்கித் திருப்பினால் முறுக்கு தானாகப் பிரியும். வடிவம் மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிர்முகமாக மாறும். அந்த மாற்றம் வேண்டாம் என்றால் ஜன்னல் கம்பியில் உள்ள முடிச்சை அவிழ்த்து, நூல்களை அட்டை வாரியாகச் சீவி முறுக்கை எடுத்துவிட்டு மீண்டும் கட்டலாம். ஒவ்வோர் அட்டையின் நூல்களையும் தனித்தனியே ஒரு தூண்டில் சுழலியில் கட்டி வைப்பதும் உண்டு; முறுக்கு சேரச் சேரச் சுழலி சுற்றி அதை வெளியேற்றிவிடும். திசை மாற்றும் இடத்தில் மட்டும் நூல் சற்று நீண்டு மேலே கிடக்கும். அது இந்த நெசவின் இயல்பு; பழைய பட்டைகளைப் படிக்கிறவர்கள் நெய்தவர் எங்கே திசை மாற்றினார் என்று அறிவதும் அதை வைத்துத்தான்.

பட்டையின் ஓரம் அலைபோல் வளைகிறது. அகலமும் இடத்துக்கு இடம் மாறுகிறது.
— வாசகி, கோவை

ஊடையை நுழைத்த உடனே இழுத்து இறுக்காதீர்கள். ஓரத்தில் ஒரு சிறு வளையம் நிற்கும்படி விட்டு, அட்டைகளைத் திருப்பி, புதிய இடைவெளியில் அளவுகோலால் அடித்தபின் அந்த வளையத்தை இழுத்து மறையுங்கள். அப்போது ஓர நூல்கள் ஏற்கெனவே தம் இடத்தில் அமர்ந்திருப்பதால் எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது கண்ணுக்கே தெரியும். தொடக்கத்தில் நெய்த நல்ல பகுதியின் அகலத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு அவ்வப்போது வைத்துப் பாருங்கள். எழுந்து செல்லும்போது அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைப்பது நல்லது. கலைந்துபோன அட்டைகளை மீட்பது புதிதாகக் கோப்பதைவிடக் கடினம்.

வைக்கிங் வடிவம் என்று ஏராளமான வரைபடங்கள் கிடைக்கின்றன. உண்மையிலேயே அந்தக் காலத்தவை எவை? நான் வரலாற்றை மதித்து நெய்ய விரும்புகிறேன்.
— வாசகி, புதுச்சேரி

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இன்று வைக்கிங் வடிவம் என்ற பெயரோடு மிகப் பரவலாகப் புழங்குவது ஆட்டுக்கொம்புபோல் சுருளும் ஒரு வடிவம். பார்க்க அழகானது, நெய்யவும் இனியது. ஆனால் அது இன்றைய துருக்கியிலுள்ள அனத்தோலியப் பகுதியின் பட்டைகளின் மரபோடு தொடர்புடையது, வைக்கிங் காலக் கல்லறைத் துணிகளில் அதற்குச் சான்று இல்லை. விரும்பினால் நெய்யுங்கள், அதை நார்ஸ் என்று அழைக்க வேண்டாம்.

சான்றுள்ளவற்றைப் பார்ப்போம். ஸ்வீடனின் மேலாரன் ஏரியில் உள்ள பியோர்க்கோ தீவில் பிர்கா என்ற வணிக ஊர் இருந்தது. அங்கே 1870-களில் அகழாய்வைத் தொடங்கிய யால்மர் ஸ்டோல்பே ஏறக்குறைய 1,100 கல்லறைகளைத் திறந்தார். அவற்றிலிருந்த துணிகளை ஆராய்ந்து அக்னெஸ் கெய்யர் 1938-இல் வெளியிட்ட நூல்தான் இன்றும் இத்துறைக்கு அடித்தளம். பிர்காவின் அட்டை நெசவுப் பட்டைகளில் பெரும் பகுதி பட்டு நூலில் நெய்யப்பட்டு, மேற்பரப்பில் மெல்லிய வெள்ளிக் கம்பியால் அலங்கரிக்கப்பட்டவை; மிகவும் குறுகலானவை. பட்டு தொலைவிலிருந்து வந்த விலையுயர்ந்த பொருள் என்பதை நினைத்தால் அந்தக் குறுகிய அகலத்தின் காரணம் விளங்கும். ஓஸ்பெர்க் கல்லறை 834-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டு அந்த ஆண்டு உறுதி செய்யப்பட்டுள்ளது. 1904-இல் அது அகழ்ந்தெடுக்கப்பட்டபோது, இரண்டு பெண்களின் எலும்புகளோடு தறிகளும் துணிகளும் பட்டைகளும் வெளிவந்தன. டென்மார்க்கின் மம்மன் கல்லறையில், 970–971 குளிர்காலத்தில் புதைக்கப்பட்ட செல்வர் ஒருவரின் உடையில் பட்டும் பொன்னிழையும் சேர்ந்த அட்டை நெசவுப் பகுதிகள் உள்ளன. இவற்றைவிட மூன்று நூற்றாண்டு பழைய தென் நார்வேயின் ஸ்னார்டெமோ கல்லறையிலோ, பல நிறக் கம்பளியில் கோண வடிவங்கள் நிறைந்த பட்டைகள் கிடைத்தன; திறமையில் அவை பின்வந்த எதற்கும் குறைந்தவை அல்ல.

இந்தச் சான்றுகளைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஈரமும் புளிப்புத் தன்மையும் உள்ள மண்ணில் கம்பளியும் பட்டும் தப்பிப் பிழைக்கும். ஆளி நார் போன்ற தாவர நூல் கரைந்து போகும். கம்பளியும் ஆளி நூலும் கலந்து நெய்த பட்டையில் இன்று பாதி நூல்களைக் காணோம். எஞ்சிய கம்பளி நூல்கள் விட்டுவிட்டு நிற்பதைக் கொண்டு மற்ற பாதியை ஆய்வாளர்கள் ஊகித்து நிரப்புகிறார்கள். இன்னொரு பக்கம், வெண்கல அணிகளின் அருகே இருந்த துணி, உலோகத்தின் உப்பு படிந்ததால் அழியாமல் நின்றது. செல்வர்களின் கல்லறையில், உலோகத்தை ஒட்டி இருந்தவையே நமக்கு அதிகம் கிடைக்கின்றன. உழைக்கும் மக்கள் காலில் சுற்றிய துணியின் விளிம்பையும் இடுப்பில் கட்டிய சாதாரணப் பட்டையையும் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு. ஆகவே, இரண்டு நிறக் கம்பளியில் எளிய சாய்கோடுகளை நெய்கிறவர் வரலாற்றுக்குத் துரோகம் செய்கிறார் என்று யாரும் சொல்ல முடியாது. கிடைத்த சான்றை மிஞ்சி உரிமை கொண்டாடாமல் இருந்தால் போதும்.

சாய்கோடு நெய்ய, முன்பு சொன்ன அதே சிவப்பு வெள்ளை அட்டைகளில் நூல் கோக்கும் திசையை மட்டும் மாற்றுங்கள். இடப் பாதி அட்டைகள் ஒரு திசையிலும் வலப் பாதி எதிர்த்திசையிலும் கோக்கப்படட்டும். பிறகு இரண்டு ஓரங்களிலிருந்தும் நடு நோக்கி, ஒவ்வோர் அட்டையும் முந்தையதைவிடக் கால் வட்டம் கூடுதலாகத் திரும்பி நிற்குமாறு அமையுங்கள். முன்னோக்கித் திருப்பினால் அம்பு முனைபோல் கோடுகள் நடுவில் கூடும். திசையை மாற்றினால் அவையே எதிர்ப்பக்கம் திரும்பிச் சாய்சதுரங்களாகும். ஒரு திசையில் கோடு வழுவழுப்பாகவும் மறு திசையில் படிக்கட்டுபோலவும் தெரிவதற்குக் காரணம், முறுக்கின் சாய்வும் நிறத்தின் சாய்வும் முதலில் ஒத்துப்போய்ப் பின்னர் மாறுபடுவதே.

அங்கே கம்பளி, இங்கே நல்ல கம்பளி நூல் கிடைப்பதில்லை. பருத்தியில் நெய்தால் பொருந்துமா? நிறங்களையாவது பழைய முறையில் அமைக்க முடியுமா?
— வாசகர், திண்டுக்கல்

பயிற்சிக்குப் பருத்தி முற்றிலும் பொருந்தும். கம்பளி நூலின் நுண்செதில்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்வதால் இடைவெளி சரியாகத் திறக்காது. புதியவரை அது சோர்வடையச் செய்யும். கை பழகியபின் இறுக்கமாக முறுக்கிய இரட்டைப் புரி கம்பளி நூலைத் தேடுங்கள். ஸ்வெட்டர் பின்னும் தளர்ந்த நூல் உராய்வில் பிரிந்துவிடும்.

நிறத்தில் நீங்கள் நினைப்பதைவிட நெருக்கம் இருக்கிறது. ஸ்காண்டிநேவியர் நீலத்துக்குப் பயன்படுத்திய வோடு என்ற செடியின் சாயப் பொருளும் நம் அவுரியின் சாயப் பொருளும் ஒன்றே. அந்தச் செடியின் எச்சங்கள் ஓஸ்பெர்க் கப்பலிலேயே கிடைத்துள்ளன. அவர்களுடைய சிவப்பு மேடர் என்ற கொடியின் வேரிலிருந்து வந்தது; நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மஞ்சிட்டி அதே இனத்தைச் சேர்ந்தது. அவுரி நீலமும் மஞ்சிட்டிச் சிவப்பும் சாயமிடாத வெள்ளையும் சேர்ந்தால் அந்தக் கல்லறைகளின் நிறங்களிலிருந்து நீங்கள் வெகுதூரம் விலகியிருக்க மாட்டீர்கள்.

இதை நெய்தவர்கள் யார்? அவர்களைப் பற்றி ஏதாவது தெரியுமா?
— பள்ளி மாணவி, தூத்துக்குடி

சான்றுகள் பெரும்பாலும் பெண்களையே காட்டுகின்றன. பழைய நார்ஸ் மொழியில் குத்ரூன் என்ற கதைத் தலைவியைப் பற்றிய இரண்டாம் பாடல், அட்டைகளால் நெய்து பொன்னை அழகுபடுத்தும் ஹூண இளம்பெண்களைக் குறிப்பிடுகிறது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, இன்றைய தென் ஸ்வீடனின் லுண்ட் நகரில் கிடைத்த ஓர் எலும்பு அட்டை. அதன் மேல் ரூன் எனப்படும் பழைய ஸ்காண்டிநேவிய எழுத்துகளில், சிக்வோரின் இங்கிமாருக்கு என் அழுகை சேரட்டும் என்ற பொருளில் ஒரு சாபம் செதுக்கப்பட்டிருக்கிறது. சிக்வோர் ஒரு பெண், இங்கிமார் ஓர் ஆண் என்பதைத் தவிர வேறு எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. தினமும் கையில் புரளும் கருவியில், ஒவ்வொரு திருப்பத்திலும் தானும் திரும்பும்படி அந்த வரி எழுதப்பட்டிருக்கிறது. ராணிகளின் கல்லறைகள் சொல்லாத ஒன்றை இந்தச் சிறு எலும்புத் துண்டு சொல்கிறது என்றே நான் கருதுகிறேன்.

எளிய பட்டைகள் நன்றாக வருகின்றன. பிர்காவின் வெள்ளி வேலைப்பாட்டை முயல விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?
— வாசகி, சேலம்

உங்கள் ஓரங்கள் நேராக வருகின்றன என்றால் தொடங்கலாம். பிர்காவில் வெள்ளிக் கம்பியையே வைத்து நெய்தார்கள்; நீங்கள் ஜரிகையில் பழகுங்கள். மெல்லிய பட்டு நூலில் 16 அட்டைகள் கோத்து, எல்லா நூல்களும் ஒரே நிறமாக இருக்கும்படி பாவு அமையுங்கள். இங்கே வடிவம் பாவின் நிறத்திலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் முதலில் சாதாரண ஊடை முழு அகலத்துக்கும் செல்லட்டும். பிறகு அதே இடைவெளியில், முனை மழுங்கிய ஊசியில் கோத்த ஜரிகையைச் செலுத்துங்கள். ஜரிகை பளிச்சிட வேண்டிய இடத்தில் அது மேல்பாவு நூல்களுக்கு மேலே வரட்டும். பாவின் நிறம் தெரிய வேண்டிய இடத்தில் அந்த நூல்களுக்கு அடியில் செல்லட்டும். மேலே ஒரே ஓட்டமாக மூன்று நான்கு அட்டைகளுக்கு மேல் ஜரிகை கிடக்க விடாதீர்கள். தளர்ந்து எதிலாவது சிக்கிக்கொள்ளும். வடிவத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைந்துகொள்ளுங்கள்: அகலவாக்கில் ஒரு கட்டம் ஓர் அட்டை, உயரவாக்கில் ஒரு கட்டம் ஒரு திருப்பம். முதல் முயற்சிக்கு ஒரு சிறு சாய்சதுரம் போதும். அசல் வெள்ளி ஜரிகை வாங்குவதற்கு முன் மலிவான ஜரிகையில் ஒரு சாண் நெய்து பாருங்கள். எந்த அளவு இழுத்தால் ஜரிகை முறியாமலும் பட்டை சுருங்காமலும் இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.